தப்பான கடலில் இறங்கிய கதை

நான் கப்பல் பயணம் போகப்போகிற செய்தியைக் கொல்லிமலையில் எங்கள் பஸ் நிற்கும் ஊரான சோளக்காட்டில் முதலில் டீக்கடைக்காரரிடம்தான் சொன்னேன். அவரிடம் சொல்லிவிட்டால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், பலாப்பழம் ஏற்ற வந்தவர்கள், மிளகு விற்க வந்தவர்கள் என்று எல்லோர் வழியாகவும் அது மலையில் எங்கள் பகுதியான குண்டூர் நாடு முழுக்கப் பரவிவிடும் என்பது என் திட்டம்.

“கப்பல்லீங்களா? எங்கீங்க, ராமேஸ்வரம் பக்கமுங்களா?”

“இல்லீங்க. மத்தியதரைக் கடல். அதுலயும் கிழக்குப் பக்கம்.”

அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “அங்க என்னங்க விசேசம்?”

அது எனக்கும் தெரியாது. “நாகரிகம் பொறந்த எடமுங்க அது,” என்றேன். முந்தின நாள் யூடியூபில் ஒருவர் அப்படித்தான் சொல்லியிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை மொத்தமும் கிளம்புவதற்கு முன்னாலேயே, அந்த பெஞ்சிலேயே கிடைத்து முடிந்துவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நான் மிளகும் காபியும் போட்டிருக்கிற மலை விவசாயி. கடலைத் திருச்செந்தூரிலும் மெரினாவிலும் முழங்கால் நனைத்த அளவில் தெரியும். கப்பலில் போவது என் யோசனையே அல்ல. மலைக்குக் கீழே சேந்தமங்கலம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் எனக்கு வெகுநாள் பழக்கம். என் தோட்டத்துக்கு எரு அவர் பண்ணையிலிருந்துதான் வரும். எருவோடு சேர்ந்து நட்பும் வந்தது. நாமக்கல்லில் ஒரு டூர் ஆபீஸ்காரர்கள் கிரீஸ், துருக்கிப் பக்கம் கப்பல் சுற்றுலாவுக்கு ஆள் சேர்த்தபோது அவரும் அவர் மனைவியும் பெயர் கொடுத்துவிட்டார்கள். பிறகுதான் குழுவில் மற்றவர்கள் யார் என்று பார்த்திருக்கிறார். பாதிப் பேர் லாரி முதலாளிகள்.

“அண்ணா, நீங்களும் அக்காளும் வாங்க. லாரிக்காரங்களோட எட்டு நாளு நான் என்னத்தப் பேசறது?” என்று போனில் கேட்டார்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். போனில் ஸ்பீக்கர் போட்டிருந்தது. அடுப்படியிலிருந்து என் மனைவி, “யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது? வாரோம்னு சொல்லுங்க,” என்றாள். அந்த வருஷம் மிளகும் கைகொடுத்திருந்தது. மறுப்பதற்குக் காரணம் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

போவது என்று ஆனதும் நான் வேறு ஆளாகிவிட்டேன். கப்பலைப் பற்றி யூடியூபில் இருந்த வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். கப்பலில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று சொல்லக்கூடாது, அவற்றுக்குத் தனிப்பெயர் உண்டு என்று மனைவிக்கு விளக்கினேன். அவள் பருப்புப் பொடிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். “சோறு எந்தப் பக்கம் போடுவாங்கன்னு பாத்து வெச்சுக்குங்க,” என்றாள். வீடியோவில் கப்பல் மேல்தட்டில் உலாவிய ஆண்கள் பலர் வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்ததைக் கவனித்து, சேந்தமங்கலத்துக்குப் போய் ஒன்று தைக்கக் கொடுத்தேன். தையல்காரர் அளவெடுத்துக்கொண்டே, “ஏனுங்க, பேண்ட் செட்டுல சேந்துட்டீங்களா?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

கிளம்புவதற்கு முன்னால் நாமக்கல்லில் ஒரு கூட்டம் வைத்தார்கள். எங்களை அழைத்துப்போகும் டூர் மேனேஜர் முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண். பாஸ்போர்ட்டை எங்கே வைப்பது, எத்தனை பெட்டி கொண்டுவரலாம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கப்பல் ஆட்டத்தில் தலைசுற்றல் வருகிறவர்கள் மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் எழுந்து நின்றேன். எழுந்திருக்கத் தேவையே இல்லை. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

“கொல்லிமலைக்காரனுக்கு மாத்திரை எதுக்குங்க? எழுபது கொண்டை ஊசி வளைவுங்க. வாரம் தவறாம ஜீப்புல ஏறி எறங்கறவன் நான். வேணும்னா எங்க ஊட்டுக்காரிக்குக் குடுங்க. அவ மொதல் வளைவுலயே எலுமிச்சம்பழத்தக் கையில எடுத்துருவா.”

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த மாத்திரை அட்டையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

ஏதென்ஸில் விமானத்திலிருந்து இறங்கி, துறைமுகத்துக்குப் போய்க் கப்பலைப் பார்த்தோம். ஒரு தெருவையே தூக்கி நிறுத்தி வெள்ளையடித்தது மாதிரி நின்றது. கோழிப்பண்ணைக்காரர் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, “அண்ணா, இது எப்படிங்க மெதக்குது?” என்றார். இரும்பு ஏன் மிதக்கிறது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பாதி வழியில் எனக்கே சந்தேகம் வந்து, பெட்டிகளை எண்ணுவது போல் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் அறை ஜன்னல் இல்லாத அறை. சுவரில் ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் கடல் படம் ஒன்று மாட்டியிருந்தது. கப்பல் சாயங்காலம் கிளம்பியது. வெள்ளைக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். எங்கே பார்த்தாலும் தட்டுத் தட்டாகச் சாப்பாடு. நாவல்பழம் என்று நினைத்து வாயில் போட்டது உப்பில் ஊறிய ஏதோ காயாக இருந்தது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், எதிரே இருந்த லாரி முதலாளியிடம் கன்னம் புடைக்கத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் டம்ளரில் இருந்த தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்தேன். பிறகு மறுபக்கம் சாய்ந்தது. வெளியே நல்ல காற்று என்று யாரோ சொன்னார்கள். நான் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொண்டேன். வளைவு என்றால் முடிந்துவிடும். அடுத்தது வருவதற்குள் ஒரு மூச்சு விடலாம். இது முடியவே இல்லை. முன்னால் இருந்த சோறு, மீன், லாரி முதலாளியின் மீசை எல்லாம் ஒன்றாக மேலேறிக் கீழிறங்கின. “சித்த நேரத்துல வாரேனுங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வீடியோக்கள் அத்தனையும் பார்த்திருந்தும் எங்கள் அறை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கப்பல் பணியாள் ஒருவர் என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு காகிதப் பையை நீட்டினார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

பிறகு குளியலறைத் தரையில், பீங்கானைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. என் மனைவி தலைமுடி எல்லாம் காற்றில் கலைந்து, கையில் கூம்பு ஐஸ்கிரீமோடு நின்றாள்.

“ஏனுங்க, மேல வந்து பாருங்க. காத்து என்னமா அடிக்குது! அந்தக் கோழிப்பண்ணை அக்காளும் நானும் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னோம். ஒரு தடவ தண்ணி மூஞ்சிலயே வந்து அடிச்சுதுங்க!”

நான் பீங்கானை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவள் ஐஸ்கிரீமை அவசரமாக முடித்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, மாத்திரையையும் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக் கொடுத்தாள். “என்ற பையில எப்பவும் ஒண்ணு இருக்குமுங்க,” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

காலையில் கடல் அடங்கியிருந்தது. மேல்தட்டில் நாங்கள் நான்கு பேரும் பலகாரத்துக்கு உட்கார்ந்தோம். எனக்கு வெறும் ரொட்டி. என் மனசில் ஒரு கேள்வி இரவெல்லாம் குடைந்துகொண்டிருந்தது.

“எனக்கு ஒண்ணு புரியல. நம்ம ரோட்டுல அத்தன வாந்தி எடுக்கறவ நீ. கப்பல்ல எப்படி உனக்கு ஒண்ணுமே ஆகல?”

அவள் ரொட்டியில் தேன் தடவிக்கொண்டிருந்தாள். “பஸ்ல போனாலும் எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க.”

“பின்ன?”

“நீங்க வண்டி ஓட்டுனாத்தான்.”

கோழிப்பண்ணைக்காரரின் மனைவி காபிக் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கோப்பை குலுங்கியது.

“கல்யாணமான நாள்ல இருந்து இத ஒரு வார்த்த சொல்லலியே நீ?”

“சொன்னா ஓட்டறத நிறுத்தீருவீங்களா? பேசிட்டே ஓட்டுவீங்க. வளைவு வந்தா ஒரு கைய வெளிய நீட்டி, அது யாரு தோட்டம், இது யாரு தோட்டம்னு காட்டுவீங்க. இந்தக் கப்பல ஓட்டறவரு ஒரு வார்த்த பேசி நான் கேக்கலீங்க. அவரு பாட்டுக்கு ஓட்டறாரு.”

அன்று துருக்கிக் கரையில் இறங்கி, பழைய காலத்து நகரம் ஒன்றைப் பார்க்கப் போனோம். சலவைக்கல் தெரு, உடைந்த தூண்கள், எங்கே பார்த்தாலும் பூனைகள். இழந்த மரியாதையை எப்படியாவது மீட்டுவிடவேண்டும் என்று எனக்குள் ஒரு வேகம். வழிகாட்டி முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் பின்தங்கியவர்களைச் சேர்த்துக்கொண்டு என் பங்குக்கு விளக்கினேன். ஓரிடத்தில் சுவரை ஒட்டி வரிசையாகக் கல் இருக்கைகள் இருந்தன. வழவழப்பான நல்ல கல். “இதுதானுங்க அவங்க ராஜசபை. மந்திரிங்க எல்லாம் வரிசையா இங்கதான் உக்காந்து ஆலோசன பண்ணுவாங்க,” என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. ஓர் இருக்கையில் உட்கார்ந்து, தாடையில் கைவைத்து, ஆலோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு படம் எடுக்கச் சொன்னேன். கோழிப்பண்ணைக்காரரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

டூர் மேனேஜர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். “அங்கிள், எந்திரிங்க. அதுல உக்காரக் கூடாதுங்க.”

“ஏன் கண்ணு? மந்திரி வந்துருவாரா?”

“அது கக்கூஸ், அங்கிள்.”

கீழே பார்த்தேன். ஒவ்வொரு இருக்கையிலும் நடுவில் ஒரு ஓட்டை இருந்தது. ஆலோசனை செய்கிறவர்களுக்கு அது எதற்கு என்று நான் யோசித்திருக்கவேண்டும். கோழிப்பண்ணைக்காரர் எழுந்து பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, “ஆயிரம் வருசத்துக்கு மேல ஆயிருச்சுங்கண்ணா, காஞ்சிருக்கும்,” என்று என்னைத் தேற்றினார்.

இத்தோடு ஓர் ஆள் அடங்கியிருக்கவேண்டும். நான் அடங்கவில்லை. மறுநாள் ரோட்ஸ் என்கிற தீவில் கப்பல் நின்றது. துறைமுகத்தை ஒட்டியே கோட்டைச் சுவர் சூழ்ந்த பழைய ஊர். காலையில் எல்லோரும் சேர்ந்து சுற்றிப் பார்த்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாலரை மணிக்குள் கப்பலுக்கு வந்துவிடவேண்டும் என்று சொல்லி டூர் மேனேஜர் எங்களைச் சுதந்திரமாக விட்டார். ஆளுக்கொரு வரைபடமும் கொடுத்தார். “மலையில பொறந்தவனுக்கு மேப்பு எதுக்கு கண்ணு?” என்று அதைத் திருப்பிக் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

ஊருக்குப் பின்னால் ஒரு மேடு தெரிந்தது. மேலே பழைய கோயில் தூண்கள் நிற்பதாகக் காலையில் வழிகாட்டி சொல்லியிருந்தார். “அத மலைங்கறாங்க பாருங்க, நம்ம பக்கம் அதுக்குப் பேரே வெச்சிருக்க மாட்டோம். ஒரு எட்டுல போயிட்டு வந்துரலாம்,” என்றேன். கோழிப்பண்ணைக்காரருக்கு முழங்கால் வலி உண்டு. ஆனாலும் என்னை நம்பினார். நான்கு பேரும் ஏறினோம். நான் முன்னால் நடந்தேன். தூண்கள் இருந்தன, நிழல் இருந்தது, நன்றாகவே இருந்தது. மேலே நின்று பார்த்தால் கீழே நீலமாகக் கடல்.

“அந்தா கடலு. நேரா எறங்குனாக் கப்பல். வந்த வழியில சுத்திக்கிட்டு எதுக்குப் போகோணும்?”

எங்கள் மலையில் வழி தவறினால் இறங்கிக்கொண்டே போகவேண்டும். எங்காவது ஓர் ஓடை வரும், ஓடையோடு போனால் ஊர் வரும். நான் அந்த அறிவைத் தீவுக்குக் கொண்டுவந்திருந்தேன். தீவில் எந்தப் பக்கம் இறங்கினாலும் கடல்தான் வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பாதி இறங்கியதும் என் மனைவி நின்றாள். “ஏனுங்க, ஏறையிலயும் வெயில் மூஞ்சில அடிச்சுது. எறங்கையிலயும் மூஞ்சிலயே அடிக்குது. திரும்பிப் போறமுன்னா முதுகுலயில்ல அடிக்கோணும்?”

“இந்த ஊர்ல சூரியன் அப்படித்தான்,” என்றேன். இதை நான் உண்மையாகவே சொன்னேன். என்னோடு வந்தவர்கள் மூன்று பேரும் இதற்குச் சாட்சி.

எதற்கும் கேட்டுவிடலாம் என்று, ஒரு வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம் போனேன். நாங்கள் இறங்கிக்கொண்டிருந்த பக்கம் கையைக் காட்டி, “போர்ட்? ஷிப்?” என்றேன். அவர் தாடையை மேலே தூக்கி, புருவத்தை உயர்த்தி, நாக்கால் ஒரு சத்தம் செய்தார். தாடை கடலைப் பார்த்து உயர்ந்ததால், அந்தப் பக்கமே போ என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உறுதி செய்துகொள்ள, நாங்கள் வந்த பக்கம் கையைக் காட்டினேன். அவர் தலையை அசைத்து, “நே, நே” என்றார்.

“பாத்தீங்களா? அந்தப் பக்கம் நோ நோங்கறாங்க,” என்றேன்.

“இந்தப் பக்கம் கேட்டதுக்கு ‘இச்சு’ கொட்டுனாங்களேங்க. இல்லேன்னுதானே அர்த்தம்?” என்றாள் என் மனைவி.

“அது நம்ம ஊர்ல. இவங்களுக்கு வேற.”

இவர்களுக்கும் அதேதான் என்றும், ‘நே’ என்றால் அவர்கள் மொழியில் ஆமாம் என்றும் டூர் மேனேஜர் பிற்பாடு சொன்னார். கப்பலின் இடப்பக்கத்துக்கு என்ன பெயர் என்று கற்றுக்கொண்டவன், போகிற ஊரில் ஆமாம் என்பதற்கு என்ன சொல்லுவார்கள் என்று கற்றுக்கொள்ளவில்லை.

கீழே இறங்கினோம். கூழாங்கல் நிறைந்த கடற்கரை. குடைகளின் கீழே சிலர் படுத்திருந்தார்கள். அலை வந்து போய்க்கொண்டிருந்தது. அடிவானம் வரைக்கும் தண்ணீர் மட்டும்தான்.

“கப்பல் போயிருச்சு!” என்று கத்திவிட்டேன். குடைகளின் கீழிருந்து தலைகள் எழுந்தன.

கோழிப்பண்ணைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் நேரம் இருக்குதுங்கண்ணா.”

“அப்பறம் கப்பல் எங்க?”

என் மனைவி கடலை ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். “கப்பல் எங்கயும் போகலீங்க. நாமதான் தப்பான கடலுக்கு வந்துட்டோம். அது அக்கட்டால இருக்குது,” என்று மேட்டுக்கு அந்தப் புறம் கையைக் காட்டினாள்.

மறுபடி ஏறி இறங்கக் கோழிப்பண்ணைக்காரருக்கு முழங்கால் இல்லை. அவர் மனைவியின் செருப்பு அறுந்திருந்தது. போனில் யாரையாவது கூப்பிடலாம் என்றால், நால்வரில் ஒருவரும் வெளிநாட்டுக்கு ரீசார்ஜ் செய்திருக்கவில்லை. கப்பலிலேயே வைஃபை இருக்கும்போது அது வீண் செலவு என்று எல்லோருக்கும் எடுத்துச் சொன்னவன் நான். டாக்ஸிகள் வந்தன, எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. பாஸ்போர்ட், விசா, போலீஸ், மலையில் காய்ந்துகொண்டிருக்கும் காபி என்று மனசு எங்கெங்கோ போனது. நாங்கள் இல்லாமல் கப்பல் நகர்வதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன் என்றே சொல்லலாம். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

என் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டின் நடுவில் போய் நின்று, எங்கள் ஊரில் நிறுத்தம் இல்லாத இடத்தில் பஸ்ஸை மறிப்பது போல இரண்டு கைகளையும் விரித்தாள். வந்த பிக்கப் வண்டி ஒன்று கீச்சிட்டு நின்றது. ஓட்டிவந்தது நாற்பது வயசு மதிக்கத்தக்க, தோள் அகன்ற ஒரு பெண். கோபமாக ஏதோ கேட்டாள். என் மனைவி கழுத்தில் தொங்கிய கப்பல் அட்டையைத் தூக்கிக் காட்டி, மேட்டுக்கு அந்தப் புறம் கையை நீட்டி, பிறகு கல்லின் மேல் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். உடனே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே முன்கதவைத் திறந்து பெண்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டாள். எங்களுக்குப் பின்பக்கம்.

பின்பக்கம் முழுக்க முட்டை. சாம்பல் நிறக் காகிதத் தட்டுகளில், அடுக்கு அடுக்காக, எங்கள் நாமக்கல் வண்டியில் எப்படி இருக்குமோ அதே மாதிரி. கோழிப்பண்ணைக்காரர் முழங்கால் வலியை மறந்து தாவி ஏறினார். அயலூரில் சொந்தக்காரர்களைப் பார்த்தவர் முகம் மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

“அண்ணா! முட்டைங்க!”

வண்டி கிளம்பியது. அவர் ஒரு முட்டையை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓடு மெலுசா இருக்குதுங்க. தீவனத்துல சுண்ணாம்புச் சத்துப் பத்தல.” அந்தப் பெண் வேகமாகத்தான் ஓட்டினாள். ஒரு திருப்பத்தில் அடுக்குகள் சாய்ந்தன. “அண்ணா, புடிங்க! மொத அடுக்கு போச்சுன்னா அத்தனையும் போயிரும். கட்டிப் புடிங்க!” என்று கத்தினார். நான் முட்டைத் தட்டுகளை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டேன். மெலுசான ஓடு என்று அவர் சொன்னது உண்மைதான். இளஞ்சூடாக ஏதோ என் தொடையில் இறங்கியது. முன்னால், கண்ணாடிக்கு அந்தப் புறம், மூன்று பெண்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்த மொழியில் சிரித்தார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.

துறைமுகத்தில் எங்கள் குழு முழுவதும் வெளியே நின்றது. டூர் மேனேஜருக்கு அழுகை வரும் நிலை. அங்கே கப்பல் பத்திரமாக இருந்தது. நான் பிக்கப்பின் பின்பக்கத்திலிருந்து, வெள்ளைக் கால்சட்டையில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை மஞ்சள் கரு வழிய, முதுகைக் காட்டி இறங்கினேன். ஒரு லாரி முதலாளி அதை முழுசாக வீடியோ எடுத்தார்.

“அங்கிள், எங்கீங்க போனீங்க? எத்தன பேரு தேடறது?”

“சும்மா அந்த மலை வரைக்கும் கண்ணு,” என்றேன். அவர் என் கால்சட்டையைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

கோழிப்பண்ணைக்காரர் மட்டும் கப்பலுக்கு வருவதாக இல்லை. உடைந்த முட்டை ஓடு ஒன்றை விரலால் நொறுக்கிக் காட்டி, பிறகு கிளிஞ்சலைப் பொடி செய்வது போலவும் கோழி தின்பது போலவும் நடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் தன் போனில் மொழிபெயர்ப்பை எடுத்து நீட்ட, இருவரும் மாறி மாறி அதற்குள் பேசினார்கள். எண்களும் வாங்கிக்கொண்டார்கள். உடைந்த முட்டைக்கு நான் ஏதாவது கொடுக்கப் பார்த்தேன்; அவள் தாடையைத் தூக்கி நாக்கால் சத்தம் செய்தாள். இந்த முறை எனக்குப் புரிந்தது. என் மனைவி, கப்பல் சாப்பாட்டுக்குக் காரம் போதாதென்று கைப்பையில் வைத்திருந்த எங்கள் தோட்டத்து மிளகுப் பொட்டலத்தை அவள் கையில் வைத்து மூடினாள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு வரவேண்டிய விருந்து. எனக்கு மிச்சம் இருந்தது வேட்டிதான். கூடத்தில் எங்கள் குழுவினர் நான் நுழைந்ததும் கைதட்டினார்கள். வேட்டிக்கு அல்ல.

மறுநாள் மேல்தட்டில் நானும் என் மனைவியும் தனியாக உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் ஏதோ ஒரு தீவு பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

“நேத்து ரொம்பப் பயந்துட்டீங்களாட்ட இருக்குது,” என்றாள்.

“நீ பயப்படலியா?”

அவள் அந்தத் தீவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பயமில்லீங்க. கப்பல் நெசமாலுமே போயிருந்தா அந்த ஊர்ல ரெண்டு நாளு இருக்கலாமேன்னு தோணுச்சு. யாருக்கும் ஆக்கிப் போடாம, யாரும் என்னக் கூப்புடாம. அந்தக் கடல் ஓரத்துல சும்மா உக்காந்திருக்கலாமேன்னு.” பிறகு சிரித்தாள். “ரோட்டுல போயி நின்னப்ப, வண்டி நிக்காமப் போனாலும் பரவால்லைன்னுதான் நெனச்சேன். அது நின்னுருச்சு.”

நான் ஒன்றும் பேசாமல் இருப்பதைப் பார்த்து அவள் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள், மறுபடி உடம்புக்கு ஆகவில்லையோ என்று. “உக்காரு. நான் போயி ஐஸ்கிரீம் வாங்கிட்டு வாரேன்,” என்று எழுந்தேன். போகிற வழியில் படி மாறிப்போய், இயந்திர அறைக்குப் போகும் கதவு வரை போய்த் திரும்பினேன். ஐஸ்கிரீம் பாதி உருகியிருந்தது. அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் வாங்கிச் சாப்பிட்டாள். அன்று முழுவதும் நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வரிசையாக இரண்டு தீவுகள் வந்தபோதும் நான் எதையும் விளக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

ஊர் திரும்புவதற்குள் அந்த வீடியோ எனக்கு முன்னால் மலையேறிவிட்டிருந்தது. சோளக்காட்டில் இறங்கியதும் அன்னாசிப்பழம் விற்கிற பெண், “வாங்கண்ணா, கறை போச்சுங்களா?” என்றுதான் கேட்டாள். கிரீஸ் பற்றியோ துருக்கி பற்றியோ யாருக்கும் கேள்வி இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள்கூட என்னிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு, நேராக என் மனைவியிடம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவள் அலை முகத்தில் அடித்ததிலிருந்து ஆரம்பிப்பாள். நன்றாகத்தான் சொல்லுவாள். நான் பின்னால் நின்று கேட்பேன். சில இடங்களில் எனக்கே சிரிப்பு வரும், அது நான்தான் என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைக்கும்.

கோழிப்பண்ணைக்காரர் சொன்ன தீவன யோசனை பலித்துவிட்டது போலிருக்கிறது. ஓடு கெட்டியாகிவிட்டது என்று அந்தத் தீவுப் பெண் அவருக்குப் படம் அனுப்பினாளாம். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீடியோவில் கூப்பிடுகிறாள். அவரிடம் கோழிகளைப் பற்றிப் பேசி முடித்ததும் என் எண்ணுக்கு வருவாள். படத்தில் என் முகம் தெரிந்ததும் கையால் ஒதுங்கு என்று காட்டுவாள். அவளுக்கு வேண்டியது என் மனைவியை. இவள் தமிழில் பேசுவாள், அவள் அவள் மொழியில் பேசுவாள். இவள் காபிச் செடியைக் காட்டினால், அவள் திராட்சைக் கொடியைக் காட்டுவாள். மொழிபெயர்ப்பைப் போடட்டுமா என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“அதெல்லாம் வேண்டாமுங்க,” என்றாள் என் மனைவி. “நீங்க போனை ஆட்டாமப் புடிங்க, போதும்.”